காலை ஆறரை மணி எஞ்சின் சூடு

நவம்பர் 21, வியாழன்

புது நோட்டு. முப்பத்திரண்டு வருடம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து, மாணவர்கள் எடுத்த அளவுகளை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவன் நான். இப்போது என் முறை.

நோக்கம்: காரின் எஞ்சின் சூட்டை மறுநாள் காலைவரை காப்பாற்றுவது. அதன் மூலம், லிட்டருக்கு 10.8 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை 14 கொடுக்க வைப்பது.

காரணம் எளிது. தலைகுந்தாவில் எங்கள் வீட்டிலிருந்து ஊட்டி மார்க்கெட்டுக்கு ஏழு கிலோமீட்டர். எஞ்சின் சூடேறி முடிவதற்குள் மார்க்கெட் வந்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும். இருபது வருடமாக இந்த வண்டி பாதி வழி குளிரிலேயே ஓடியிருக்கிறது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

வசந்தாமணியிடம் சொன்னேன். "ரிட்டயரானவங்க கோயிலு கொளம்னு போவாங்க. நீங்க வண்டிக்கு வைத்தியம் பாக்கறீங்க" என்றாள். கோபி ஊர்க்காரி, சமவெளியில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள்.

சூழ்நிலைக் குறிப்பு: கார் ஷெட் வீட்டுக்கு மேலே, நாற்பது படி ஏறி ரோட்டோரத்தில் இருக்கிறது. மூன்று பக்கம் தகரம், முன்பக்கம் திறப்பு. செல்போனுக்கு டவர் கிடைப்பது அங்கே மட்டும்தான். வீட்டு ஹாலில் பழைய லேண்ட்லைன் உண்டு. நான்கு வருடமாக கேஸ் கம்பெனி தவிர யாரும் அதில் கூப்பிடுவதில்லை.

நவம்பர் 22, வெள்ளி

காலை 6.30. வெளியே 4 டிகிரி. எஞ்சின் 7 டிகிரி. போர்த்துவதற்கு முந்தைய அளவு இது. ஆய்வக நீளத் தெர்மாமீட்டரைக் களிமண் வைத்து எஞ்சினோடு ஒட்டியிருக்கிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பரண் மேல் இருந்த ரோஸ் நிறப் போர்வையை எடுத்து எஞ்சின் மேல் போர்த்தினேன். கனமான நல்ல போர்வை. மகளுடையது. அவள் கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறாள். எங்களுக்குள் பேச்சு இல்லை. பேரை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை, இது வேறு விஷயத்துக்கான நோட்டு.

வசந்தாமணி படியேறி வந்து பார்த்தாள்.

"அதையா எடுத்தீங்க?"

"சும்மாதான கெடந்துச்சு."

"சும்மா கெடக்கட்டும்னுதான் வெச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நவம்பர் 27, புதன்

காலை 6.30. எஞ்சின் 13 டிகிரி! கையை வைத்துப் பார்த்தேன். தூங்கும் மாட்டின் விலாவைத் தொட்டது போல லேசான கதகதப்பு. பனி ஷெட்டுக்குள் வந்து, வண்டியைச் சுற்றி நின்று, மெதுவாக வெளியே போனது. அரை மணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

நவம்பர் 28, வியாழன்

மார்க்கெட் போகும்போது போர்வையை எடுக்க மறந்துவிட்டேன். அது புகைக்குழாயில் பட்டுக் கருகி, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் கூச்சல் போட்டபோதுதான் தெரிந்தது. சோடா ஊற்றி அணைத்தார்கள். அவமானம்.

வசந்தாமணி போர்வையைத் துவைத்து, கருகிய மூலையை வெட்டி எடுத்துத் தைத்து, மறுபடியும் பரணில் வைத்தாள்.

நவம்பர் 30, சனி

இட்லி வைத்துக்கொண்டே வசந்தாமணி சொன்னாள்: "ஏனுங்க, எஞ்சினுக்குத் துணி போடக் கூடாதாமா. டீ பேக்டரி பாய்லருக்குச் சுத்தறாங்களே, கண்ணாடி நார்த் துணி, அதைத்தான் போடோணுமாமா. புகைக்குழாய்ப் பக்கம் நாலு விரக்கட எடம் உடோணுமாமா."

"யாரு சொன்னா?"

"டிவில காட்டுனாங்க."

நல்ல யோசனை. உடனே குறித்துக்கொண்டேன். எங்கள் டிவி தீபாவளி மழையிலிருந்து படம் காட்டவில்லை என்பது சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டில் பார்த்திருப்பாள்.

டிசம்பர் 4, புதன்

குன்னூரில் கண்ணாடி நார்த் துணி கிடைத்தது. அதை வெள்ளித் தகட்டுத் துணிக்குள் வைத்து வசந்தாமணி தைத்துக் கொடுத்தாள். கையுறை போட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தாள். இவ்வளவு அக்கறை எதிர்பார்க்கவில்லை. பானட்டுக்கு அடியில் ஒன்று, பக்கங்களுக்கு இரண்டு. இனி கழற்றாமலே ஓட்டலாம்.

ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "காத்தால அஞ்சரைக்குக் கொஞ்சம் சூடு நிக்குமா?"

"ஏன் அஞ்சரை?"

"சும்மா, ஒரு கணக்குக்குக் கேட்டேன்."

டிசம்பர் 5, வியாழன்

6.30. எஞ்சின் 21.

டிசம்பர் 6, வெள்ளி

6.30. வெளியே 2 டிகிரி, புல்லெல்லாம் வெள்ளை. எஞ்சின் 46!

மூன்று தடவை பார்த்தேன். 46. ரேடியேட்டர் மூடியைத் தொட்டால் இதமாக இருக்கிறது. வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, ஆமாங்க" என்றாள். அவள் முகமும் சிவந்திருந்தது, அவளுக்கும் சந்தோஷம்தான் போல.

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்று 47. இன்று 21. ஏன் இறங்கியது? காற்று காரணமாக இருக்கலாம்.

டிசம்பர் 13, வெள்ளி

திங்கள் முதல் இன்றுவரை 45, 46, 44, 47, 46.

ஆனால் ஒரு இடி. டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு 8.8. போர்த்துவதற்கு முன்னால் 10.8! சூடு ஏறியிருக்கிறது, மைலேஜ் இறங்கியிருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி நடக்காது.

மெக்கானிக் போஜராஜிடம் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லீக் ஒண்ணும் இல்ல சார். வண்டி நின்ன எடத்துலயே குடிக்குதோ என்னமோ" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்றும் 21. ஞாயிறு என்றால் இறங்குகிறது. எஞ்சினுக்குக் கிழமை தெரியுமா?

விடியலில் ஒரு கனவு. கார் ஷெட்டில் இல்லை. பைக்காரா ஏரிப் பனிக்குள், தண்ணீர் மேல், விளக்குப் போட்டுக்கொண்டு மெதுவாக மிதந்து போகிறது. உள்ளே யாரோ பேசும் சத்தம். என் காது மெஷின் கையில் இருக்கிறது, ஆனால் எந்தக் காதில் வைப்பது என்று தெரியவில்லை. விழித்தபோது பக்கத்தில் வசந்தாமணி தூங்கிக்கொண்டிருந்தாள். மெஷின் எப்போதும் போல மேஜை மேல் டப்பாவில் இருந்தது. படுக்கும்போது கழற்றி வைத்துவிடுவேன், அப்புறம் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது.

டிசம்பர் 18, புதன்

"ரேடியேட்டர் முன்னால பாதிக்கு ஒரு அட்டை வெச்சா, குளிர்காத்து அடிக்காதாமா. குளிர் நாட்ல எல்லாரும் அப்புடித்தானாமா" என்றாள். வைத்தேன். இந்தப் பெண் எங்கிருந்து இவ்வளவு கற்றுக்கொள்கிறாள்?

அவள் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் நிறம். என் உள்ளங்கை இரண்டை ஒட்ட வைத்தால் அவ்வளவுதான் அளவு. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

நேற்று மார்க்கெட்டிலிருந்து வந்ததும் வண்டியை நிறுத்தி, மணிக்கு ஒரு தடவை அளவெடுத்தேன். எஞ்சின் ஆறும் வேகம் இப்போது தெரியும். சாயங்காலம் நிறுத்திய வண்டியில், காலை ஆறரைக்கு 22 டிகிரிக்கு மேல் இருக்கவே முடியாது. 46 இருக்க வேண்டுமென்றால், எஞ்சின் அன்று காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் ஓடியிருக்க வேண்டும்.

ஓடவில்லை. ஆகவே தெர்மாமீட்டரில் கோளாறு.

தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன். 92 காட்டியது. இந்த மலை உயரத்தில் தண்ணீர் 92ல்தான் கொதிக்கும். தெர்மாமீட்டர் சரி.

இதற்கு மேல் இன்று எழுதவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

மத்தியானம் சாப்பிடும்போது மைலேஜைப் பற்றிப் புலம்பினேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "வாட்ச்மேன் கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கறானோ என்னமோ. அவனப் பாத்தீங்களா?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. எஞ்சின் சூடேறும்வரை மூடியிருக்கும், ஏறிய பிறகுதான் திறக்கும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எஞ்சினுக்கு எப்போதும் குளிர்தான், பெட்ரோலும் வீண். உலகத்தில் அதை வாட்ச்மேன் என்று சொன்னது இரண்டே பேர். ஏழு வயதில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பானட்டுக்குள் தலையை விட்ட மகளுக்கு நான் அப்படித்தான் விளக்கினேன். "வாட்ச்மேன் தூங்கீட்டா என்னப்பா ஆகும்?" என்று அன்று அவள் கேட்டாள். அப்போது வசந்தாமணி அங்கே இல்லை. அவளுக்கு இந்த வார்த்தை தெரிய வழியே இல்லை.

இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன்.

எழுதிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் மகள் எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு, ஹால் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "இனி இந்த வூட்டுக்குப் போன் பண்ணாதே" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு அவள் பண்ணவில்லை. என் பிள்ளை, சொன்னால் சொன்னதுதான்.

டிசம்பர் 24, செவ்வாய்

போஜராஜ் கழற்றிப் பார்த்தான். தெர்மோஸ்டாட் திறந்தபடியே இறுகிப் போயிருந்தது.

"நானே கவனிக்கல சார். யாரு கண்டுபுடிச்சது?"

"வூட்ல."

புதிது போட்டான். பழையதைத் தூக்கி எறியப் போனவனிடம் கேட்டு வாங்கி வந்தேன். மேஜை மேல், காது மெஷின் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

டிசம்பர் 26, வியாழன்

விடியலில் முழித்துக்கொண்டேன். பக்கத்தில் வசந்தாமணி இல்லை. மெஷினை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். பால்காரர் வந்துவிட்டாரா என்று பார்க்கத்தான்.

பத்துப் படிக்கு மேல் பனியில் எதுவும் தெரியவில்லை. மேலே ஏறியதும், ஷெட்டில் கார் உள்விளக்கு மஞ்சளாகக் கரைந்து தெரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கனவில் கேட்ட பேச்சுச் சத்தம்தான், இப்போது தெளிவாகக் கேட்டது. செல்போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஹீட்டர் வருதாம்மா?"

"காலு சுடுது கண்ணு. முன்னெல்லாம் எஞ்சினப் போடாமக் காமணி நேரம் நடுங்கீட்டு ஒக்காந்திருப்பேன். இப்பச் சாவியத் திருப்புனதும் சூடு வருது."

"அப்பா வாட்ச்மேன மாத்தினாரா?"

"முந்தாநேத்து மாத்திட்டு வந்துட்டாரு. ஒண்ணுஞ் சொல்லல. ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் நான்கு வருடமாகக் கேட்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி, ஜனவரி பதினெட்டு என்றெல்லாம் பேசினார்கள். சத்தம் போடாமல் இறங்கி வந்து படுத்துக்கொண்டேன். கால் விறைத்துப் போயிருந்தது, வெகுநேரம் சூடாகவில்லை.

காலை 6.30. எஞ்சின் 58.

பால்காரர் ஏழு மணிக்கு வந்தார்.

டிசம்பர் 27, வெள்ளி

மைலேஜ் கணக்கு எழுதுவதை இன்றோடு நிறுத்துகிறேன். வேறு வேலை இருக்கிறது.

டிசம்பர் 30, திங்கள்

சாயங்காலம் இருட்டுவதற்குள் பைக்காரா ரோட்டில் பத்து கிலோமீட்டர் சும்மா போய்த் திரும்பினேன். எஞ்சின் நல்ல சூட்டோடு நின்றால் காலை ஐந்தரைக்கு இரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"டயருக்கு ஓட்டம் வேணும்."

முன் சீட்டில் ஒரு மெத்தை வாங்கிப் போட்டேன், போன் சார்ஜ் ஏற்றும் ஒயரும் ஒன்று. அவள் மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்க் காப்பி போட்டாள்.

ஜனவரி 4, சனி

57. ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. இப்போது குட்டிச் சாக்ஸ்.

ஜனவரி 8, புதன்

6.30. எஞ்சின் 23.

ஞாயிறு இல்லையே. கிழமையைக் காலண்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஜனவரி 9, வியாழன்

23. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

"இன்னைக்கு வண்டி ரொம்ப ஆறிப் போயிருக்குது" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாங்க, குளிரு ஜாஸ்தி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பதினெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

23. மெத்தை மேல் அவளுடைய சால்வை கிடந்தது, பனியில் நனைந்து. போன் வந்தால்தான் எஞ்சினைப் போடுகிறாள் போலிருக்கிறது. மூன்று நாளாகக் குளிரில் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்திருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் கேட்பது? எனக்குத்தான் எதுவும் தெரியாதே.

ஜனவரி 11, சனி

முழுதாக எழுத வேண்டும்.

ஐந்து மணிக்கே எழுந்து மெஷினை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் படியேறினேன். பனி இறங்கிய புல் காலடியில் நொறுங்கியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன், ஹீட்டரைத் திருப்பினேன். ஐந்தரைக்கு அவள் வந்தாள். கையில் செல்போன். ஷெட் வாசலில் அப்படியே நின்றாள். நான் குனிந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. ரோடு, மரம், வீடு எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலவும், போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாதது போலவும் இருந்தது.

"எத்தன நாளாத் தெரியுமுங்க உங்களுக்கு?"

"வாட்ச்மேன்னு சொன்னயே, அன்னிக்கே."

அவள் தலையை ஆட்டினாள். "அந்த வார்த்தைய அப்புடியே சொல்லச் சொன்னா. அப்பா கண்டுபுடிக்கறாரான்னு பாக்கலாம்னு. நீங்க இன்னொரு கரண்டி ரசம் வாங்குனீங்க."

"ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் இல்ல?"

"அங்க அது சனிக்கெழம சாயங்காலம். அவளுக்கு வேல." செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு நாளா நான் கூப்புட்டா சுவிட்ச் ஆப்னு வருதுங்க. எனக்குக் கை காலே ஓடல."

அவள் விரல்களைப் பிடித்து ஹீட்டருக்கு முன்னால் வைத்தேன். மரக்கட்டையாக இருந்தன.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

"கண்ணு! என்ன சாமி ஆச்சு?"

குரல் தூரத்திலிருந்து, சோர்ந்து வந்தது. பெண் குழந்தை. செவ்வாய்க்கிழமையே வலி வந்துவிட்டது. ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இப்போது பயமில்லை. இவ்வளவு நாள் போன் அவள் கையில் இல்லை.

"மாப்பிள்ள ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் செத்துப் பொழைச்சேன்."

"உன் நம்பருக்கு எத்தனையோ தடவ பண்ணிருக்கறாரு. டவர் இல்லம்மா."

"வூட்டுப் போனுக்குப் பண்ணீருக்கலாமில்ல?"

மகள் கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள்: "அந்த நம்பருக்குப் பண்ணக் கூடாதில்லம்மா."

என் மகள் உயிருக்குப் போராடியிருக்கிறாள். பத்து எட்டு நடந்தால் எடுக்கக்கூடிய போன் ஹாலில் சும்மா இருந்திருக்கிறது. நான் சொன்ன ஒரு சொல் அதன் மேல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது. வெட்கத்தில் என் கழுத்தெல்லாம் சுட்டது.

போனுக்குக் கையை நீட்டினேன். வசந்தாமணி கொடுத்தாள். சொல்வதற்கு நான்கு வருடமாக என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன்.

"வாட்ச்மேன மாத்தியாச்சு கண்ணு" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் பூனைக்குட்டி போல ஒரு முனகல். மெஷினைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பழைய ஆள என்னப்பா பண்ணுனீங்க?" அழுதுகொண்டிருந்தாள்.

"வேலய வுட்டு நிறுத்தீட்டேன். மேச மேல ஒக்காந்திருக்கறான். புள்ளையத் தூக்கீட்டு வந்து பாரு." பிறகு சொன்னேன்: "இனி வூட்டுப் போனுக்கே கூப்புடு. நம்பரு ஞாபகம் இருக்குதா?"

ஏழு எண்களையும் கோகிலவாணி ஒரே மூச்சில் சொன்னாள்.

ஜனவரி 13, திங்கள்

காலை 6.30. வெளியே 1 டிகிரி. எஞ்சின் 22. ஷெட்டுக்கு இன்று யாரும் போகவில்லை.

ஐந்தரைக்கு ஹாலில் போன் அடித்தது. ராத்திரி மெஷினைக் கழற்றாமல் தூங்கியதால், வசந்தாமணிக்கு முன்னால் நான் போய் எடுத்தேன்.